பத்தாம் டோஸ்

குப்பியைத் திறந்தால் நான்கு மணி நேரம்.
அதற்குள் பத்துத் தோள் வேண்டும்.
பள்ளிப்பட்டில் அன்று தறிக்கொட்டகைக்கு வெளியே
ஒன்பது பேர்தான் சட்டையை ஏற்றினார்கள்.
பத்தாவது ஆளைத் தேடி
நகரி பஸ் திரும்பும் இடம்வரை போனேன்.
"எனக்கு ரேஷன் அந்தப் பக்கம்" என்றான் ஒருவன்,
ஊசிக்கும் எல்லைக்கல் உண்டு என்பதுபோல.
வீணாகக் கூடாது.
தள்ளிப்போட்டு வந்த என் இரண்டாம் தவணைக்கு
முனிரத்தினத்திடம் தோளைக் காட்டினேன்.
குப்பியின் எண்ணைப் பதிவேட்டில் எழுதியதும் நான்தான்.

பன்னிரண்டாம் நாள், பல்வலி என்று நினைத்தேன்.
தாடையிலிருந்து காதுக்கு
யாரோ பாவு நூலை முறுக்கி இழுத்தார்கள்.
பல் டாக்டர் நல்ல கடைவாய்ப்பல் ஒன்றைச்
சந்தேகமாகத் தட்டிப் பார்த்தார்.
பிடுங்காமல் விட்டது அந்தப் பல்லின் ஆயுசு.
பிறகு வலி கழுத்துக்கு இறங்கியது.
எச்சிலை
நாள் பார்த்து விழுங்க வேண்டியிருந்தது.
தாலிக்கயிறு உரசினால்கூட உயிர் போயிற்று;
கழற்றி ஆணியில் மாட்டினேன்.
எத்திராஜுலு பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.
அன்றிரவு சோற்றைக் குழையக் குழைய வடித்தார்.

"மெட நொப்பியா?" என்றாள் பக்கத்து வீட்டு கங்குலம்மா.
இந்த ஊரில் வலிக்கு இரண்டு பாஷை.
இரண்டிலும் முனகிப் பார்த்தேன்.

அப்புறம் நெஞ்சுக்குள் தறி ஓட ஆரம்பித்தது.
கரண்ட் போனால் தெருவே அடங்கிவிடும்,
என்னுடையது மட்டும் ஓடும்.
படுத்திருக்கையில் நூற்றுப் பதினெட்டு.
ரவிக்கை தளர்ந்தது. விரல் நடுங்கியது,
ஊசி பிடிக்கிற விரல்.
அதனால்தான் லீவு எழுதிக் கொடுத்தேன்,
வலிக்காக அல்ல.

திருத்தணியில் டாக்டர் சின்னப் பெண்.
கையை உரசிச் சூடேற்றிக்கொண்டு கழுத்தைத் தொட்டாள்.
"தைராய்டு அழற்சி. சளிக்காய்ச்சலுக்குப் பின்னால வரும்.
ஊசிக்குப் பின்னாலயும் வந்திருக்கு, அபூர்வமா.
பெரும்பாலும் தானா அடங்கிடும்."
"எனக்கு எதனால?"
"தேதி ஒத்துப்போகுது.
அதுக்கு மேல சொன்னா பொய்."

அபூர்வம்.
எத்தனை வாசலில் நின்று சொல்லியிருக்கிறேன் அந்தச் சொல்லை.
சொல்லும்போது அது எங்கோ தூரத்தில்
கரும்பு லாரி போவதுபோல இருக்கும்.
இப்போது அதற்குச் சூடு இருந்தது. கனம் இருந்தது.
வலப்பக்கம், தொண்டைக்குழிக்குச் சற்று மேலே
விரல் வைத்துக் காட்டலாம்.

பாதக விளைவுப் படிவத்தை நிரப்பினேன்.
பாதிக்கப்பட்டவர்: தேசம்மா, நாற்பத்தொன்று.
தகவல் தருபவர்: தேசம்மா, கிராம சுகாதாரச் செவிலியர்.
மேலே இருந்து போன்:
"இதையெல்லாம் எழுதணுமாம்மா? ஜனங்க பயந்துடுவாங்க."
"எழுதாம விட்டாதான் சார் பயப்படணும்."
வைத்த பிறகு கை உதறியது.
கோபமா தைராய்டா, தெரியவில்லை.

மாத்திரையில் வலி மூன்றே நாளில் ஓடியது.
தறி மெல்ல நின்றது. நின்ற வேகத்தில் நானும் நின்றேன்:
சித்திரை வெயிலில் போர்வை,
பஸ்ஸில் தூங்கிப் பொதட்டூர்பேட்டையில் இறங்கியது,
கொத்தாய் உதிர்ந்த முடி.
கழுத்து தன் கணக்கை நேர்செய்து முடிக்க
ஆவணி ஆயிற்று.

மறுபடி அதே கொட்டகை, அதே ஐஸ் பெட்டி.
மறுபடி ஒன்பது பேர்.
வஜ்ஜிரவேலு வாசல்படியில் நின்றான்,
தோளில் பஞ்சுத் தூசி.
"அக்கா, உனுக்கு வந்ததே, ஊசியாலதானே?"
வரிசையில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.
'இல்லை' என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"இருக்கலாம்" என்றேன்.
பல்லைச் சொன்னேன். ஆணியைச் சொன்னேன்.
நூற்றுப் பதினெட்டைச் சொன்னேன்.
போன வருஷம் இதே தெருவில்
மூச்சு கிடைக்காமல் போன இரண்டு பேரையும்
பெயர் சொல்லிச் சொன்னேன்.
"உனக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது.
நான் அடுத்ததையும் போட்டுக்குவேன்,
டாக்டரைக் கேட்டுட்டு."

உள்ளே யாரோ தறியை நிறுத்தினார்கள்.
"இப்ப வலிக்குதா?"

அவன் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
குப்பியை இன்னும் திறக்கவில்லை.
அவன் பார்க்கப் பார்க்க
ஒரு தடவை, நிதானமாக,
எச்சில் விழுங்கிக் காட்டினேன்.